பதினாலாம் கலவை

பதிமூன்றாவது பானையும் கையை விரித்துவிட்டது.

சவரியப்பன் சூளைக் கதவைத் திறந்து விளக்கை உள்ளே நீட்ட, தையல்நாயகி குனிந்து பார்த்தாள். பானையின் உட்சுவரில் கண்ணாடிபோல் உருகிப் பரவியிருக்க வேண்டிய கிளேஸ், எண்ணெய்ப் பிசுக்கேறிய தட்டில் தெளித்த தண்ணீர் மாதிரி முத்து முத்தாகத் திரண்டு கிடந்தது. முத்துகளுக்கு நடுவே வெறும் மண் தெரிந்தது.

"சுருண்டுடுச்சுக்கா," என்றான் சவரியப்பன். நெய்வேலிக்காரன், நாற்பது வயது, சூளை அவன் பொறுப்பு.

"எனக்கும் கண்ணு இருக்கு."

"இந்த மண்ணுக்கு உடம்பெல்லாம் திமிருக்கா. காயும்போதே இப்படிச் சுருங்கினா மேல பூசின கிளேஸ் எங்க நிக்கும்? வெடிச்சுப் பிரிஞ்சு, சூடு ஏறினதும் ஒண்ணோட ஒண்ணு உருண்டுக்குது."

தையல்நாயகி அழுகையை அடக்கிக்கொண்டு சூளைக் கதவைச் சாத்தினாள். சூளைக்கு எதிரில் அழுதால் அடுத்த வேக்காடும் உருப்படாது என்று விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் வேலை பார்த்த காலத்தில் சொல்வார்கள். பூமியிலிருந்து இருபது கோடி கிலோமீட்டர் தள்ளி வந்த பிறகும் அந்த பயம் மட்டும் கூடவே வந்திருந்தது.

இருந்த இடம் செவ்வாய். எரிமலைக் குழம்பு எப்போதோ ஓடி வடிந்துபோன ஒரு நீளமான குகை, அதற்குள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். பெயர் வைத்தவருக்குக் கற்பனை கொஞ்சம் குறைச்சல். குகைப்பட்டி என்று வைத்துவிட்டார். தண்ணீருக்குப் பஞ்சமில்லை, தரைக்கடியில் பனிக்கட்டியாக எவ்வளவு வேண்டுமானாலும் கிடைத்தது. ஆனால் அதில் ஒரு உப்பு இருந்தது. டாக்டர் அதை பெர்குளோரேட் என்பார். மற்றவர்கள் ஊரில் சொன்ன மாதிரியே உப்புத் தண்ணி, நல்ல தண்ணி என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். உப்புத் தண்ணியைப் பானையில் ஊற்றி, அதில் ஒருவகைக் கிருமியை வளர்த்து, கொஞ்சம் வினிகர் தீனி போட்டால் அது உப்பைத் தின்று தீர்த்துவிடும். இரும்பில் ஊற்றினால் இரும்பை அரிக்கும். வெறும் மண்பானையோ உப்பை உறிஞ்சி ஒரு மாதத்தில் வெடிக்கும். உள்ளே கிளேஸ் பூசிய பானைதான் ஒரே வழி. அதற்கும் இரண்டு வருடம்தான் ஆயுள். நல்ல நிலையில் இப்போது மூன்றே பானைகள் இருந்தன. நாளொன்றுக்கு நாற்பத்தைந்து லிட்டர் நல்ல தண்ணி, ஆளுக்கு ஒரு டம்ளர். மீதித் தாகத்துக்கு உப்புத் தண்ணிதான்.

கிளேஸுக்குள் போகும் வெள்ளைக் களிமண் பூமியிலிருந்து மூட்டை மூட்டையாக வந்தது. அது தீர்ந்த கதையைச் சொன்னால் சிரிப்பும் வரும், வயிறும் எரியும். இவர்களை இங்கே அனுப்பிய நிறுவனம் கொடுத்திருந்த செய்முறை அட்டையில் தமிழில் தெளிவாக அச்சடித்திருந்தது: 'உள்ளூர்க் களிமண் 22 பங்கு.' உள்ளூர் மண்ணே போதும் என்றால் வந்த மண்ணைக் கட்டிக்காப்பானேன் என்று குகைப்பட்டி ஜனங்கள் வெள்ளைக் களியைத் தாராளமாகப் புழங்கினார்கள். பள்ளிக்கூடத்துச் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். இரண்டு பொங்கலுக்குக் குகை நெடுகக் கோலம் போட்டார்கள். கடைசி மூட்டையைக் கரைத்து முடித்து, செவ்வாய் மண்ணைப் போட்டுச் செய்த முதல் பானை சுருண்ட பிறகுதான் பூமிக்குக் கேட்டு எழுதினார்கள். பதில் ஒரே வரியில் வந்தது: 'உள்ளூர் என்றால் எங்கள் ஆலைக்கு உள்ளூர்.'

அன்று தையல்நாயகி அட்டையைச் சுக்குநூறாகக் கிழித்தாள். ஆறுதலுக்கு அது போதவில்லை.

அவளுடைய அவதி மற்றவர்களுடையதைவிட ஒரு படி அதிகம். மகள் செங்கமலத்துக்கு அப்போது ஐந்தாம் மாதம். மருமகன் பனி வெட்டும் அணியில் எண்ணூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தான். அவன் திரும்ப ஒரு வருடம் ஆகும். வீட்டில் அம்மாவும் மகளும் மட்டும்தான்.

சூளையிலிருந்து நேராக டாக்டர் ஹபீபாவிடம் போனாள். அங்கே பம்புக்காரர் மனைவி மாரிக்கண்ணு தன் எட்டு வாரக் குழந்தையை மடியில் கிடத்தி உட்கார்ந்திருந்தாள். குழந்தை நன்றாகக் கொழுகொழுவென்று இருந்தது. ஊசி குத்தியும் அழவில்லை, அதுதான் கோளாறு. நாக்கு வாய்க்கு வெளியே தடித்துத் தெரிந்தது.

"ரொம்ப சமத்துக்கா, அழவே மாட்டான்," என்றாள் மாரிக்கண்ணு.

அவள் போன பிறகு டாக்டர் கதவைச் சாத்தினார்.

"சமத்து இல்ல தையல். அந்த உப்பு தொண்டைச் சுரப்பிக்குள்ள அயோடினைப் போக விடாது. பெரியவங்களுக்கு அசதி, முடி கொட்டும், உடம்பு ஊதும். சமாளிச்சுக்கலாம். வயித்துல இருக்கற குழந்தைக்கு மூளை வளர்றதுக்கே அது வேணும். இவனுக்கு மாத்திரையை உடைச்சு உடைச்சுக் குடுத்துட்டு இருக்கேன். இன்னும் ஆறு வாரத்துக்கு வரும்."

"அப்புறம்?"

"அப்புறம் அம்மா குடிக்கற தண்ணிதான். தாய்ப்பால்லயும் அந்த உப்பு இறங்கும்."

"என் பொண்ணுக்கு?"

"அவளுக்கு ஒரு நாளைக்கு மூணு லிட்டராவது நல்ல தண்ணி வேணும். கர்ப்பிணின்னு சேர்த்துக் குடுத்தும் மூணு டம்ளர்தான் போகுது. பொய் சொல்ல மனசு வரல தையல். இப்படியே போனா அவளுக்கும் இந்த மாதிரிதான் பிறக்கும்."

தையல்நாயகி வீட்டுக்குப் போகவில்லை. போனால் மகள் முகத்தைப் பார்க்க வேண்டும். அன்று பூசை அறையைப் பெருக்கும் முறை அவளுடையது. சாவி இடுப்பில் இருந்ததால் அங்கே போய்த் துடைப்பத்தை எடுத்தாள்.

பூசை அறையில் எல்லா மதத்துக்கும் ஒவ்வொரு அலமாரி. பெருமாள் அலமாரியில் ஒரு தகரப் பெட்டி. முதல் கப்பலில் வந்த யாரோ ஒரு புண்ணியவான் பத்து வருடத்துக்கு ஆகட்டும் என்று நாமக்கட்டியாக வாங்கி அடுக்கியிருந்தார். குகைப்பட்டியில் தினமும் நாமம் போடுகிறவர் நிர்வாகி திருவேங்கடம் ஒருவர்தான். தீர்ந்தால் வந்து ஒரு கட்டி எடுத்துக்கொண்டு போவார். பெட்டியை நகர்த்தியபோது ஒரு கட்டி கீழே விழுந்து உடைந்தது. தையல்நாயகி ஈரத் துணியால் துடைத்தாள். துணியில் வெள்ளை வழவழவென்று இழுபட்டது.

அவள் கை அப்படியே நின்றது. ஒரு துண்டை எடுத்து நுனிநாக்கில் வைத்தாள். ஒட்டிக்கொண்டது. பட்டறையில் இருபது வருடம் நாக்கில் வைத்துப் பார்த்த அதே மண். இரும்பில்லாத, சுத்தமான வெள்ளைக் களி.

பெட்டியைத் தூக்கி எடை பார்த்தாள். இரண்டு கிலோ முந்நூறு. ஒரு பானைக்குச் சரியாக வரும்.

இந்த இடத்தில் அவள் செய்திருக்க வேண்டியது ஊருக்கே தெரியும். நேராகத் திருவேங்கடத்திடம் போய், "சார், பெட்டியில மண்ணு இருக்கு" என்று சொல்லியிருக்க வேண்டும். அவரும் சந்தோஷமாகக் கொடுத்திருப்பார். அந்தப் பானை பதினைந்து லிட்டர் தரும். அது நல்ல பானை என்று தெரிந்த மறுநிமிடம் தண்ணீர் இருநூற்றுப் பன்னிரண்டாகப் பிரியும். ஆளுக்கு மூன்று மடக்கு. மூன்று மடக்கில் ஒரு குழந்தையின் மூளை வளராது.

ஆனால் சோதனைப் பானைக்குக் குகைப்பட்டியில் வேறு சட்டம் இருந்தது. நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு புதுக் கிளேஸிலிருந்து ஏதோ கசிந்து நாலு பேர் செத்துப்போனார்கள். உப்பு அளக்கும் மீட்டர் உப்பைத்தான் காட்டும், மற்ற விஷத்தைக் காட்டாது. அன்றிலிருந்து புதுக் கலவையில் செய்த பானைத் தண்ணீரைத் தொண்ணூறு நாள் செய்தவர் வீட்டில் மட்டும்தான் குடிக்க வேண்டும். வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது, மிச்சம் செடிக்கு. செய்கிறவர் கவனமாகச் செய்யட்டும் என்பதற்காகப் போட்ட சட்டம். தையல்நாயகிக்கு அது வேறு விதமாகப் பயன்பட்டது.

நாமக்கட்டிகளை இடித்துச் சலித்தாள். பாறை வெடிப்புகளில் கிடைக்கும் வெளிறிய ஜிப்சத்தில் கொஞ்சம் செவ்வாய்க் களியைப் பிசைந்து, அதே நீளத்தில் அதே கனத்தில் கட்டிகள் உருட்டிக் காயவைத்துப் பெட்டியை நிரப்பினாள். சவரியப்பனிடம் பதினாலாம் கலவை என்று சொன்னாள். "மண்ணுல பாதியை முதல்லயே சுட்டுட்டு, சுட்டது பாதி பச்சை பாதியா சேர்த்திருக்கேன். சுருக்கம் குறையும்." சொன்னது ஒன்றும் முட்டாள்தனமில்லை, கிளேஸ் தெரிந்தவர்கள் செய்கிற வழிதான். அந்தப் பானையில் அவள் அதைச் செய்யவில்லை, அவ்வளவுதான்.

"ஏன்க்கா, கிளேஸ் தண்ணி இவ்ளோ வெளுப்பா இருக்கு?" என்று கேட்டான் சவரியப்பன்.

"ஜிப்சம் போட்டிருக்கேன்."

அவன் வாளியை உற்றுப் பார்த்துவிட்டுப் பானையை எடுக்கப் போனான்.

பானை வெந்து வந்தது. உள்ளே விரலை ஓட்டினால் வழுக்கியது, தட்டினால் மணி மாதிரி கேட்டது. சவரியப்பன் அதைக் கட்டிக்கொண்டு நிஜமாகவே அழுதான். குகை முழுக்கச் செய்தி பரவி, ஆட்கள் வந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். திருவேங்கடம் நெற்றி நிறைய நாமத்தோடு வந்து, "தையல், நீ எங்க எல்லாரையும் காப்பாத்திட்டம்மா" என்று கும்பிட்டார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடக்கமான பொம்பளை என்று எல்லாரும் நினைத்தார்கள்.

கிருமி வளர்ந்து, மூன்றாம் வாரத்திலிருந்து நல்ல தண்ணி இறங்கியது. செங்கமலம் முதல் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள்.

"பயமா இருக்கும்மா. அந்த நாலு பேர் மாதிரி ஆயிட்டா?"

"நான் முதல்ல குடிக்கறேன் பாரு."

"நீ குடிச்சுட்டா மட்டும்? எனக்கு வயித்துல இன்னொண்ணு இருக்கே."

"அதுக்காகத்தாண்டி. என்னை நம்பு."

செங்கமலம் குடித்தாள். அம்மாவை நம்பித்தான் குடித்தாள். அந்த நம்பிக்கை தையல்நாயகிக்கு உவப்பாகவும் இருந்தது, உறுத்தலாகவும் இருந்தது.

இருவரும் எவ்வளவு குடித்தாலும் ஏழு லிட்டருக்கு மேல் போகவில்லை. மிச்சம் எட்டு லிட்டர். தினமும் சாயங்காலம் தோட்டப் பொறுப்பாளர் பார்த்துக்கொண்டிருக்க, தையல்நாயகி அதை விதைக்கென்று விட்ட கீரைப் பாத்தியில் ஊற்றினாள். எட்டு லிட்டரும் நல்ல தண்ணி, பூமித் தண்ணீர் மாதிரி சுத்தம். கீரை தழைத்தது. ஊற்றும்போதெல்லாம் மாரிக்கண்ணு மடியில் கிடந்த குழந்தையின் நாக்கு நினைவுக்கு வரும். ஆனாலும் ஊற்றினாள்.

ஆறாவது வாரத்தில் மாத்திரை தீர்ந்தது. அன்று அவளால் முடியவில்லை. இரண்டு லிட்டர் கேனைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு மாரிக்கண்ணு வீட்டுக்குப் போனாள்.

"இதைக் குடி. யாருக்கும் தெரிய வேணாம். தினமும் கொண்டாரேன்."

மாரிக்கண்ணு கேனைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள்.

"இது சோதனைத் தண்ணிதானே?"

"நல்ல தண்ணிதான் மாரி. மீட்டர் பூஜ்யம் காட்டுது."

"மீட்டர் அன்னைக்கும் பூஜ்யம்தான் காட்டுச்சு. எங்க மாமனார் அதுலதான் போனாரு." அவள் குரல் உயர்ந்தது. "உன் பானைக்கு ஆளு பத்தலையா? என் பாலைக் குடிக்கற பச்சைப்புள்ளையை வெச்சு டெஸ்ட் பண்ணப் பாக்கறியா?"

"ஐயோ, அப்படி இல்லடி. எனக்கு நிச்சயமாத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம்தான். தையல்நாயகி வாயைத் திறந்தாள், செங்கமலத்தின் வயிறு கண்ணுக்குள் வந்தது, வாயை மூடிக்கொண்டாள்.

"எடுத்துட்டுப் போக்கா," என்றாள் மாரிக்கண்ணு. "நல்ல பேரோட இருக்கே. கெடுத்துக்காதே."

அன்று அந்த இரண்டு லிட்டரும் கீரைக்குத்தான் போயிற்று. இதை அவள் எந்தக் காலத்திலும் தன்னிடம்கூட நியாயப்படுத்திச் சொல்லிக்கொண்டதில்லை. தப்பு என்று தெரிந்தே செய்தாள்.

ஒரே ஒரு வழி பாக்கி இருந்தது. தொண்ணூறு நாளுக்குள் பொய்யை நிஜமாக்கிவிடுவது. செவ்வாய் மண்ணிலேயே ஒரு கலவை நிஜமாகத் தேறிவிட்டால் முன்னால் சொன்னதைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள்? வெறி பிடித்தவள்போல் வேலை செய்தாள். மண்ணை ஏழு தண்ணீரில் அலசினாள். பாதியைச் சுட்டாள், முக்காலைச் சுட்டாள். சுட்டதைச் சேர்த்ததும் சுருளுவது நின்றது. ஆனால் மண்ணிலிருந்த இரும்பு, கிளேஸைப் பாகாக இளக்கிப் பானையின் அடியில் வடியவிட்டது. இளக்குவதற்காகச் சேர்க்கும் பெல்ஸ்பாரைக் குறைத்தாள். வடியவில்லை. பானை பார்க்க அழகாகக் கருத்த பழுப்பில் வந்தது. இருபது நாள் உப்புத் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தபோது, ஒரு காலையில் கிளேஸ் முழுக்க முடி முடியாக வெடிப்பு ஓடியிருந்தது.

"பதினாலாம் கலவைதான் தேறிடுச்சேக்கா. அப்புறம் எதுக்கு மண்டையை உடைச்சுக்கறீங்க?" என்று கேட்டான் சவரியப்பன்.

"இன்னும் நல்லா வரணும்டா," என்றாள். வேறென்ன சொல்வாள்.

இப்படிப் பதினைந்து, பதினாறு, பதினேழு, பதினெட்டு எல்லாம் போயின. ஒவ்வொன்றும் கொஞ்சம் தள்ளிப் போய்ச் செத்தது. தொண்ணூறாம் நாள் வந்தபோது அவள் கையில் ஒன்றுமில்லை.

சட்டப்படி டாக்டர் அம்மாவையும் மகளையும் சோதித்தார். இரண்டு பேர் ரத்தமும் சுத்தம். செங்கமலத்தின் தைராய்டு குகைப்பட்டியிலேயே யாருக்கும் இல்லாத அளவுக்கு ஒழுங்காக இருந்தது. பானைத் தண்ணீர் பொதுவுக்குப் போனது, ஆளுக்கு மூன்று மடக்கு அதிகம். பதினாலாம் கலவையில் ஐந்து பானைகள் சூளைக்குத் தயாராயின; தையல்நாயகி ஏதேதோ சாக்குச் சொல்லி அந்த வேக்காட்டைத் தள்ளிப்போட்டாள். அதிலிருந்து இருபத்தோராம் நாள் செங்கமலத்துக்குப் பிரசவமானது. பெண் குழந்தை. வெளியே வந்த கணமே குகை அதிர வீறிட்டு அழுதது. டாக்டர் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தபோது இன்னும் பலமாக அழுதது.

"ரொம்ப நல்லா இருக்கா," என்றார் டாக்டர். தையல்நாயகி குழந்தையைக் கையில் வாங்கினாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் வாழ்க்கையில் இருந்ததில்லை. அவ்வளவு கேவலமாகவும் இருந்ததில்லை.

நான்கு நாள் கழித்துத் திருவேங்கடம் பட்டறைக்கு வந்தார். சவரியப்பனை வெளியே அனுப்பினார். தொப்பியைக் கழற்றினார். நெற்றியில் நாமம் இல்லை. நாமம் இருக்க வேண்டிய இடத்தில், நாமத்தின் அச்சு அசல் வடிவத்தில், தோல் செக்கச் செவேலென்று தடித்திருந்தது.

"போன வாரம் புதுக் கட்டி எடுத்தேன்," என்றார். "முதல் நாள் அரிச்சுது. பெருமாள் சோதிக்கறார்னு நினைச்சேன். நேத்து அதைத் தண்ணியில கரைச்சு மீட்டரை வெச்சுப் பார்த்தேன் தையல். அத்தனையும் உப்பு, இந்த ஊர் மண்ணு."

அவள் எதுவும் மறைக்கவில்லை. மறைக்கும் தெம்பு போயிருந்தது. கடகடவென்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். கீரைப் பாத்தியையும் சொன்னாள், மாரிக்கண்ணு வீட்டுக் கேனையும் சொன்னாள்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் களிமண் மூட்டை மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

"என்கிட்ட கேட்டிருந்தா என் நெத்தியில இருக்கறதைக்கூடச் சுரண்டிக் குடுத்திருப்பேனே."

"கேட்டா பங்கு போட்டிருப்பீங்க சார்."

"ஆமா. போட்டிருப்பேன்." தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார். "தொண்ணூறாம் நாள் நான் ஒரு காரியம் பண்ணினேன். உனக்குத் தெரியாது. உள்ளூர் மண்ணுலயே பானை தேறிடுச்சு, இனிமே கவலையில்லைன்னு பூமிக்குப் பெருமையா எழுதினேன். சந்தோஷம்னு பதில் வந்துது. கப்பல்ல வெள்ளைக் களிக்குன்னு ஒன்றரை டன் இடம் இருந்துதாம். அந்த இடத்துக்கு ஆள் ஏத்திட்டோம்னு எழுதியிருந்தாங்க. ஒன்பது பேர். அதுல மூணு குழந்தைங்க."

"கப்பலைத் திருப்பச் சொல்லுங்க சார். இப்பவே எழுதுங்க."

"கப்பல் கிளம்பிப் பதினாறு நாள் ஆச்சும்மா. நடுவழியில திரும்பறதுக்கு அது பஸ்ஸா?"

தையல்நாயகி தன் பேத்திக்காக மாரிக்கண்ணு மகனின் மூளையைப் பலி கொடுத்திருந்தாள். அந்தக் கணக்கே அவளுக்குத் தாங்கவில்லை. இப்போது முகம் தெரியாத மூன்று குழந்தைகள் ஏழு மாதப் பயணம் வந்து, இங்கே இறங்கி, இந்தத் தண்ணீரைக் குடிக்கப் போகின்றன. மண்ணும் வரவில்லை, வாய் மட்டும் வருகிறது. எல்லாம் அவள் உருட்டிவைத்த போலிக் கட்டிகளால்.

"யார்கிட்டயும் சொல்லாதே," என்றார் திருவேங்கடம். "சொல்லி என்ன ஆகப்போகுது? அவங்க வழியெல்லாம் பயந்து சாகணுமா? இன்னும் ஆறரை மாசம் இருக்கு. நீ உன் வேலையைப் பாரு." எழுந்து போகும்போது தன் கைக்கருவியில் ஒரு செய்தியைக் காட்டினார். "கப்பல்லருந்து உன் பேருக்கு வந்திருக்கு. உன்னைப் பத்தி அங்க பெரிய பேச்சாம்."

எழுதியவள் ஜெசிந்தா, தூத்துக்குடிக்காரி, வெல்டிங் வேலைக்கு வருகிறாள். 'வணக்கம் அக்கா. எனக்கு ரெண்டரை வயசுல ஒரு பொண்ணு இருக்கா. அங்க தண்ணிக் கஷ்டம்னு பயந்துட்டே இருந்தேன். நீங்க பானை கண்டுபிடிச்சதைச் சொன்னாங்க. உங்க பானையை நம்பித்தான் தைரியமா வாரோம்.'

தையல்நாயகி அதை நாலு தடவை படித்தாள். திருவேங்கடம் சொன்னதில் நியாயம் இருந்தது. மறைப்பது அவளுக்குப் பழகியும் போயிருந்தது. 'வாம்மா, நல்லபடியா வந்து சேரு' என்று எழுதினாள். அழித்தாள். பிறகு உட்கார்ந்து உள்ளது உள்ளபடி எழுதினாள். நாமக்கட்டி, தொண்ணூறு நாள், கீரை, மாரிக்கண்ணு, மண்ணைப் பாதி சுட்டும் தேறாத பதினெட்டு வரைக்குமான கலவைகள். 'நான் பண்ணின துரோகத்தால்தான் மண் மூட்டையை இறக்கிவிட்டு உங்களை ஏற்றினார்கள். என்னை மன்னிக்கச் சொல்ல மாட்டேன். உன் குழந்தை இங்கே வந்து அனுபவிக்கப் போவதற்கு நான்தான் காரணம்' என்று முடித்தாள். திரும்பப் படிக்காமல் அனுப்பினாள்.

செய்தி போய்ச் சேர்ந்து பதில் திரும்ப அரை மணிக்கு மேல் ஆகும். அவள் எழுந்து நடந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி நடந்தாள். அரை மணி ஒரு மணியாயிற்று. ஜெசிந்தா அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்தாள். குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு தன்னைச் சபித்துக்கொண்டிருப்பாள். சபிக்கட்டும்.

பதில் வந்தது.

'அக்கா, நீங்க எழுதினதை மூணு பேருக்கு வாசிச்சுக் காட்டினேன். எல்லாரும் ஒண்ணும் புரியாம முழிக்கோம். எங்க ஒன்பது பேரையும் போன வருஷமே எடுத்தாச்சு. எட்டு மாசம் ட்ரெய்னிங். அப்ப கப்பலுக்குச் சரக்கு லிஸ்ட் போட்டது நானும் இன்னொருத்தியும்தான். ஊசி நூல்வரைக்கும் எழுதினோம். மண்ணுன்னு ஒரு கைப்பிடிகூட அதுல கிடையாது. களிமண் கனம் ஜாஸ்தி, இனிமே அனுப்ப முடியாதுன்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்க. உங்க நிர்வாகி எழுதினதை அவங்க ஒரு சாக்கா வெச்சுக்கிட்டாங்க. உங்க மேல தப்பு இல்லக்கா.'

தையல்நாயகிக்கு முதலில் வந்தது நிம்மதி. நெஞ்சிலிருந்து அம்மியை இறக்கின மாதிரி மூச்சு வந்தது. தப்பு தன்னுடையது இல்லை. அடுத்த நிமிடமே, எதற்கு நிம்மதிப்படுகிறோம் என்று உறைத்தது. இந்தக் கப்பலில் மண் இல்லை. அடுத்ததிலும் இல்லை. இனி எந்தக் கப்பலிலும் வரப்போவதில்லை. அவள் பொய் சொல்லியிருந்தாலும் சொல்லாவிட்டாலும் அங்கே யாரும் இவர்களுக்கென்று ஒரு மூட்டை கட்டவே இல்லை. தன் பாவம் பெரிது என்று இத்தனை நாள் எண்ணியிருந்தாள். அந்தப் பாவத்துக்குக்கூட அங்கே ஒரு மதிப்பில்லை. மாரிக்கண்ணு மகன் விஷயத்தில் மட்டும் அது அவளுடையதாகவே இருந்தது. அதை யாரும் தள்ளுபடி செய்யவில்லை. மாரிக்கண்ணுவிடம் போய்ச் சொல்லியாக வேண்டும். இன்றைக்கே போக வேண்டும்.

ஒரு குகை, பேத்தியோடு இருநூற்றுப் பதிமூன்று பேர், வந்துகொண்டிருக்கும் ஒன்பது பேர், காலடியில் இந்தத் திமிர் பிடித்த சிவப்பு மண். இவ்வளவுதான் இருந்தது. அவளுக்குக் கதறி அழ வேண்டும்போல் வந்தது. சூளைக்கு எதிரில் இருக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் அழுதாள்.

செய்தியில் இன்னும் இரண்டு வரி பாக்கி இருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு படித்தாள்.

'நீங்க அந்த மண்ணைப் பாதி சுட்டதையும், வெடிப்பு விழுந்ததையும் எல்லாருக்கும் சொன்னேன். மண் வராதுன்னு எங்களுக்குத் தெரியும்க்கா, உங்க பானையை நம்பித்தான் வாரோம்னு சொன்னது சும்மா உங்களைச் சந்தோஷப்படுத்த; எங்களுக்கு அங்க ஊர்ல இருக்க வழியில்ல, அதான் வாரோம். பத்தொம்பதாவது கலவை எப்பக்கா போடுதீங்க?'